இடது பாதி

டயாலிசிஸ் பிரிவில் ஜன்னல் ஓரத்து நாற்காலி கிடைத்ததே பெரிய பாக்கியம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது பக்கத்துக் கட்டடத்தின் சுவரும், அதில் வரிசையாகத் தொங்கிய ஏசிப் பெட்டிகளும்தான். ஆனாலும் அவள் கணவன் ஊசி குத்திய இடது கையை நீட்டிப் போட்டுக்கொண்டு, அந்தச் சுவரையே பார்த்தபடி படுத்திருப்பான். அவள் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். இயந்திரம் அவன் இரத்தத்தை வாங்கிக் கழுவித் திருப்பித் தந்துகொண்டிருக்கும். மத்தியானம் முழுக்க இப்படியே போகும்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். சிறுநீரகம் கெடும்வரை, பத்து மாடி உயரத்து இருட்டுக் குழிக்குள் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு கம்பிவடத்தைத் தடவிப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடுவான். இப்போது ஊசி குத்தும் அந்த இடது கையால் பால் பாக்கெட்டுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள்; வேலையை விட்டு அனுப்பாமல் ஒரு தொலைபேசி மேசையில் உட்காரவைத்தார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் அழைத்தால் அவன் பேச வேண்டும். "பயப்படாதீங்க, காத்து வரும். கதவைத் தள்ளாதீங்க. ஆள் கிளம்பியாச்சு." முன்பின் தெரியாதவர்களிடம் இவ்வளவு பதமாகப் பேசுகிறவன், சில வாரங்களாக வீட்டில் வாயைத் திறப்பதில்லை.

காரணம் அவள்தான். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண்ணாடிச் சில்லுகளைத் தேய்த்துச் சட்டத்துக்குப் பொருத்துவது அவள் வேலை. ஒருநாள் காலை, கடைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் இரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். தன் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்துமா என்று பார்க்கத்தான். பொருந்தியது. டாக்டர் சந்தோஷத்தில் அவனிடமே போட்டு உடைத்துவிட்டார்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?" என்றான் வீட்டுக்கு வந்ததும்.

"கேட்டா சரின்னு சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதனாலதான் கேக்கல."

"இப்பவும் மாட்டேன். பாப்பாவை நெனச்சுப் பாரு. அவளுக்கு இன்னும் ஒழுங்கா சடை போட்டுக்கத் தெரியாது. அம்மா அப்பா ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஆபரேஷன் மேசையில படுத்தா, அவ யார் முகத்தைப் பாப்பா? இதோட விடு."

விட்டாள். ஆனால் அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே பேச்சு, மாத்திரை, பேருந்து, மகளின் பள்ளிக்கூடம் என்ற அளவில் நின்றுபோனது. சமையலில் உப்பில்லை என்றுகூட அவன் குறை சொல்வதில்லை. உப்பே சேர்க்கக்கூடாத மனிதன் என்பதால் அவளும் போடுவதில்லை.

இந்த நிலையில்தான் அவளுடைய தம்பி ஒரு கையடக்க விளையாட்டுக் கருவியோடு வந்து சேர்ந்தான். செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள் வைத்த பிடிகள்.

"மாமா, சும்மா சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு இதை விளையாடுங்க. ரெண்டு பசங்க சேந்து செஞ்ச கேம். அந்தக் காலத்து கேம் மாதிரியே, கட்டம் கட்டமா பொம்மை, டொய்ங் டொய்ங்னு பாட்டு. ஒரே வேலைதான். ஓடணும், தாவணும்."

"ஓடற உடம்பாடா இது?" என்றான் அவன். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டான்.

விளையாட்டில் ஒரு குட்டை மனிதன் இருந்தான். மொத்தமே இருபது முப்பது கட்டப் புள்ளிகள்தான் உடம்பு. தலையில் சட்டியைக் கவிழ்த்தது போல ஒரு தொப்பி. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு சுரங்கத்தின் அடியிலிருந்து, பாறைக்குப் பாறை தாவி, வெளியே வந்து சேர வேண்டும். முள்ளில் பட்டால் செத்தான். வௌவால் இடித்தால் செத்தான். தண்ணீர் தொட்டாலும் செத்தான். புள்ளி புள்ளியாகச் சிதறிவிட்டு அடுத்த நொடியே, ஒன்றும் நடக்காதது போல, பாதை தொடங்கிய இடத்தில் வந்து நிற்பான்.

கணவன் வலது கையால் மட்டும் முயன்று பார்த்தான். தாவுகிற பொத்தான் வலது பிடியில் இருந்தது. நடக்கிற பொத்தான் இடது பிடியில். இடது கையிலோ இரண்டு ஊசிகள். அசைக்கக்கூடாது. குட்டை மனிதன் நின்ற இடத்திலேயே எகிறி எகிறிக் குதித்தான். ஒரு அடி நகரவில்லை.

"அண்ணே, அவர் என்ன, கொசு கடிக்குதுன்னு குதிக்கிறாரா?" என்று சிரித்தபடி நர்ஸ் கடந்துபோனாள்.

அவன் கருவியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகம். குழாய் ரிப்பேருக்கு வேறு ஆளைக் கூப்பிட்ட நாளில் வந்த முகம், மகளைத் தோளில் தூக்காமல் நடத்திக் கூட்டிவந்த நாளில் வந்த முகம். கருவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிடிகள் இரண்டும் தனித்தனியே கழன்று வருவன என்பது தெரிந்தது. திரையைச் சாப்பாட்டுப் பலகைமேல் நிறுத்தினாள். வலது பாதியை அவன் கையில் வைத்தாள். இடது பாதியைத் தான் எடுத்துக்கொண்டாள்.

குட்டை மனிதன் நடந்தான். அவள் நடத்திய வேகத்தில் நேரே போய் முள்ளில் விழுந்து சிதறினான்.

"நில்லுன்னா நிக்கணும்ல?" என்றான் கணவன்.

"நீங்க எங்க நில்லுன்னு சொன்னீங்க?"

"மனசுல சொன்னேன்."

"மனசுல சொன்னா அவனுக்கு எப்படிக் கேக்கும்?"

வாரக்கணக்கில் அவர்கள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அதன் பிறகு பேசாமல் இருக்க வழியில்லாமல் போனது. ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டுமென்றால் அவள் ஓட்டத்தை விடாமல் இருக்க வேண்டும். விளிம்பு வரும் நேரத்தில் அவன் தாவ வேண்டும். காற்றில் இருக்கும்போது அவள் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஒருவர் நினைப்பதை இன்னொருவர் வாயால் கேட்டாக வேண்டியிருந்தது. "போ. போ. இப்ப. விடு, விடுடீ!" என்று அவன் சத்தம் போட, அவள், "கத்தாதீங்க, கை ஆடுது" என்பாள். விழுவார்கள். மறுபடி ஏறுவார்கள். குட்டையன் என்று அந்தப் பொம்மைக்குப் பெயரும் விழுந்துவிட்டது. அவள் பயந்து பயந்து விளிம்புக்கு முன்பே நின்றுவிடுவாள் என்பதும், அவன் அவசரப்பட்டு ஒரு கணம் முன்னதாகத் தாவிவிடுவான் என்பதும் இருவருக்கும் தெரியாத செய்தி அல்ல. கல்யாணம் ஆன நாள் முதல் தெரியும். ஆனால் இப்போதுதான் அதை வைத்துச் சிரிக்க முடிந்தது.

எதிர் நாற்காலியில் ஒரு அம்மா இருந்தார். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. இவர்கள் விளையாடத் தொடங்கினால் கழுத்தை நீட்டிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சுரங்கத்திலிருந்து புறப்பட வேண்டிய குட்டையன், மனைவி நின்றுவிட்ட காரணத்தால், தாமதமாகப் புறப்படும்."

பிரிவு முழுக்கச் சிரிக்கும். கண்ணை மூடிக் கிடந்தவர்கள்கூட ஒரு கண்ணைத் திறப்பார்கள்.

விளையாட்டின் மூன்றாவது உலகத்தில் லிஃப்ட் வந்தது. மேலும் கீழும் போய்வரும் பலகைகள், சங்கிலியில் தொங்குவதுபோல வரைந்திருந்தார்கள். அவள் கணவன் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"எவன் வச்ச லிஃப்ட் இது? எதிர்எடை எங்க? பிரேக் எங்க? இப்படி ஒரு லிஃப்டை நான் வச்சிருந்தா என்னை ஜெயில்ல வச்சிருப்பாங்க."

"அண்ணே, கையை ஆட்டாதீங்க," என்றாள் நர்ஸ்.

அன்று அவன் வீடுவரை லிஃப்ட் கதைதான் சொல்லிக்கொண்டு வந்தான். குழிக்குள் விழுந்த சாவிக்கொத்து, பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லாம். அவளுக்குத் தெரிந்த கதைகள்தான். புதிதாகக் கேட்பவள்போலக் கேட்டாள். கீழ்வீட்டில் விட்டிருந்த மகள் ஓடிவந்து, "அப்பா, இன்னைக்கு எவ்வளவு தூரம் போனீங்க?" என்று கேட்டபோது, "உங்கம்மா நடந்த தூரம்" என்றான்.

அந்த நல்ல நாட்களுக்கு நடுவில்தான் அது நடந்தது.

தண்ணீர் வேகமாக ஏறும் ஒரு கட்டம். நின்று யோசிக்க நேரமில்லை. நாலைந்து பலகைகளை அவர்கள் நிற்காமல் தாண்டிவிட்டார்கள். அறிவிப்பு அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த பள்ளம் வந்தது. அவள் விடாமல் ஓட்டினாள். குட்டையன் தாவவில்லை. நேராகப் போய்த் தண்ணீரில் விழுந்தான்.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

அவன் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. வலது கையிலிருந்த பிடி நழுவித் தரையில் விழுந்தது. இயந்திரம் கூவத் தொடங்கியது.

"சிஸ்டர்!"

நர்ஸ் ஓடிவந்து நாற்காலியைச் சாய்த்துத் தலையைத் தாழ்த்தி, கால்களை உயர்த்தினாள். இன்னொருத்தி குழாய் வழியே உப்புநீரைத் திறந்துவிட்டாள். "பிரஷர் இறங்கிடுச்சு, ஒண்ணுமில்லக்கா, வந்துடும், வந்துடும்." அவள் அவன் உள்ளங்காலைத் தேய்த்தாள். கண்ணாடி தேய்த்துக் காய்த்த தன் விரல்களுக்கு அந்தக் கால்கள் ஐஸாகத் தெரிந்தன. பலகைமேல் திரையில் குட்டையன் பாதையின் தொடக்கத்தில் வந்து நின்றான். யாரும் நடத்தவில்லை. தண்ணீர் ஏறிவந்து அவனை மூடியது. மறுபடி வந்து நின்றான். மறுபடி மூடியது. அறிவிப்பு அம்மா, "யாராச்சும் அதை அணைச்சுத் தொலைங்களேன்" என்றார். குரல் உடைந்திருந்தது.

சற்று நேரத்தில் அவனுக்கு நினைவு திரும்பியது. முதலில் கண்ணில் பட்டது அவள் முகம்.

"என்ன ஆச்சு? விழுந்துட்டோமா?" என்றான்.

அவ்வளவுதான், அவளுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம் வந்தது.

"என் உடம்புல கத்தி படறதைப் பாக்க முடியாதுன்னுதானே வேணாங்கறீங்க?" குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் பிரிவு முழுக்கக் கேட்டது.

"பாப்பாவுக்காக…"

"பாப்பாவை நடுவுல இழுக்காதீங்க. பாக்க முடியாது, அதானே?"

அவன் ஜன்னல் சுவர்ப் பக்கம் திரும்பினான். பிறகு, "ஆமா. முடியாது" என்றான்.

"நான் மட்டும் வாரத்துக்கு மூணு நாள் பாத்துக்கிட்டு இருக்கலாமா?"

எதிரே அறிவிப்பு அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குவதுபோல நடித்தார். நர்ஸ் ஏற்கெனவே சரியாக இருந்த குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து அவன் வலது கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"டாக்டரைப் பாக்கலாம்," என்றான். "அடுத்து என்ன பண்ணணும்னு கேளு. நான் வரேன்."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை வரவழைக்க இன்னும் எத்தனை நாள் ஆகுமோ என்று அவள் நினைத்திருந்தாள். வந்ததும் நம்ப முடியவில்லை. அன்று பேருந்தில் ஜன்னல் ஓரம் அவனை உட்காரவைத்து, தான் நின்றுகொண்டே வந்தாள். கால் வலிக்கவில்லை.

பரிசோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. எல்லாவற்றுக்கும் அவனும் கூடவே வந்தான். அவள் உள்ளே போக, அவன் வெளியே பெஞ்சில் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதுவரை அவள் உட்கார்ந்த பெஞ்சு. "உக்காந்திருக்கறதுதான் கஷ்டம்," என்றான் ஒருநாள். விளையாட்டும் நின்றுவிடவில்லை. குட்டையன் சுரங்கத்தின் மேல்தட்டுக்கு வந்துவிட்டிருந்தான். பாறை இடுக்கில் அங்கங்கே நீலப் புள்ளிகள் தெரியத் தொடங்கியிருந்தன.

கடைசிப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் இருவரையும் உட்காரச் சொன்னார். அவர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து பேசினார்.

"உங்களுக்கு இரத்த அழுத்தம் அதிகமா இருக்கும்மா. ஒருநாள் மட்டும் இல்ல, எப்ப பாத்தாலும். சிறுநீர்ல புரதமும் போகுது. இப்போதைக்கு ஆபத்து இல்ல. மாத்திரை போட்டா கட்டுக்குள்ள இருக்கும். ஆனா உங்களுக்கு உங்க ரெண்டு சிறுநீரகமும் வேணும். ஒண்ணை எடுக்க நாங்க ஒத்துக்க மாட்டோம்."

"பொருந்துதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் அவள்.

"பொருந்துது. அதுல மாத்தமில்ல. எடுக்கறதுதான் முடியாது."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அந்த ஒரு கணத்தில், அவன் மறைப்பதற்கு முன்னால், அவன் முகத்தில் ஒரு ஆறுதல் ஓடி மறைந்ததைப் பார்த்துவிட்டாள். கத்தி அவளைத் தொடாது என்ற ஆறுதல். அவளுக்கு அவனைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவன் மடியில் விழ வேண்டும் போலவும் இருந்தது. எழுந்து விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினாள். இரண்டாவது திருப்பம்வரை வந்தாள். படியிலேயே உட்கார்ந்தாள். அழுதாள். மேலும் கீழும் போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஆஸ்பத்திரிப் படியில் அழுகிறவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவன் மெதுவாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். படி இறங்கினால் அவனுக்கு மூச்சு வாங்கும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு சமமாகும்வரை இருந்தான்.

"லிஃப்ட்ல வந்திருக்கலாம்ல?" என்றாள் அழுகையினூடே.

"நீ படியிலதானே வந்த."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் வீணாப் போச்சு," என்றாள். "உங்களைச் சம்மதிக்க வச்சு, இவ்வளவு அலைஞ்சு, கடைசியில என் உடம்பே என்னைக் காட்டிக் குடுத்துடுச்சு."

"வீணா எப்படிப் போகும்? நீ குடுத்துட்ட," என்றான் அவன். "எனக்குத்தான் வாங்கக் குடுத்து வைக்கல."

அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். அது இடது தோள். ஊசிக் கைப் பக்கம். நகரப் பார்த்தாள். "இரு, ஒண்ணும் ஆகாது," என்றான். கீழிருந்து சக்கர நாற்காலியைத் தள்ளும் சத்தமும், எங்கோ ஒரு குழந்தை ஊசிக்கு அழும் சத்தமும் வந்துகொண்டிருந்தன. இருவரும் எழுந்திருக்க அவசரப்படவில்லை.

இறந்தவர்களின் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போரின் பொது வரிசையில் அவன் பெயர் இருந்தது. எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வருடங்கள் ஆகலாம். அதுவரை இந்த நாற்காலி, இந்த இயந்திரம், இந்தச் சுவர்.

அடுத்த வாரம் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபோது கருவியை எடுக்கவில்லை. அவன்தான் எடுக்கச் சொன்னான். "எனக்கு மனசில்லங்க," என்றாள். "எனக்கும்தான் இல்ல. ஆனா அவன் பாவம், அங்கயே நிக்கறான்," என்றான். விளையாடினார்கள். முதல் சில நாட்கள் மோசமாக விளையாடினார்கள். அறிவிப்பு அம்மா ஒரு அறிவிப்பும் செய்யவில்லை. அவருக்கும் செய்தி தெரியும். தன் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து நர்ஸிடம் கொடுத்து, "அந்தப் பொண்ணுகிட்ட குடு. எனக்குத்தான் டாக்டர் பழம் கூடாதுன்னுட்டாரே," என்று அனுப்பினார்.

ஒரு சாதாரண மத்தியானத்தில் குட்டையன் வெளியே வந்தான். கடைசிக் கட்டத்தை அவர்கள் பேசாமலேயே தாண்டினார்கள். "போ" இல்லை, "இப்ப" இல்லை. அவள் கட்டைவிரல் ஓடியது, அவன் கட்டைவிரல் தாவியது. முடிந்த பிறகுதான் பேசவில்லை என்பதே அவளுக்கு உறைத்தது. குட்டையன் சுரங்கத்தின் வாயில் வந்து நின்றான். டொய்ங் டொய்ங் பாட்டு நின்றுபோனது. நான்கைந்து பச்சைக் கட்டங்கள் புல்லாகவும், ஒரு மஞ்சள் கட்டம் வெயிலாகவும் இருந்தன. அவன் தலையிலிருந்த சட்டியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். பிறகு செய்த இருவரின் பெயர்கள் வந்தன. அவ்வளவுதான்.

"இவ்வளவுதானா?" என்றார் அறிவிப்பு அம்மா.

"இவ்வளவுதாம்மா," என்றான் கணவன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. துக்கம் என்றும் சொல்ல முடியாது. நெஞ்சில் ஏதோ ஒன்று இடம்பெயர்ந்து உட்கார்ந்தது போல இருந்தது.

நர்ஸ் அழுத்தம் பார்க்கும் பட்டையோடு வந்தாள். அவன் வலது கையில் சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அடுத்த நாற்காலிக்குத் திரும்பினாள்.

"சிஸ்டர்," என்றான் அவன். "அவளுக்கும் ஒருதடவை பாத்துடுங்க. காலையில மாத்திரை போட்டாளான்னு கேட்டா, போட்டேன்னுதான் சொல்றா. எனக்கு நம்பிக்கை இல்ல."

"போட்டேங்க!"

"கையை நீட்டு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டு நீட்டினாள். பட்டை உப்பி இறுகியது. அவன் தலையைத் தூக்கி, எண் ஏறி இறங்குவதைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டை புஸ்ஸென்று தளர்ந்தது.

"பரவாயில்லக்கா, போன வாரத்துக்கு இது எவ்வளவோ குறைவு," என்றாள் நர்ஸ்.

அவன் தலையைத் தலையணையில் சாய்த்தான். "நாளைக்கும் மறக்காம போடு," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.